பேக்கரி மேசையில் ஓடும் சோழவரம் ரேஸ்

கோயமுத்தூரில் டீ குடிக்கிற இடத்துக்குப் பேக்கரி என்று பேர். கண்ணாடிக்குள் தேங்காய் பன்னும் பப்ஸும் இருக்கும், வெளியே பேச்சு நடக்கும். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கையில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்து ஓரங்கட்டினால் போதும், பேச்சு எப்படியும் சோழவரத்துக்குப் போய்விடும். “அந்த வளைவுல வண்டியச் சாய்ச்சாரு பாருங்க, முட்டி தரையில உரசுச்சுங்க” என்பார் ஒருவர். “ஏனுங்கண்ணா, அவரு ரெண்டாம் ரவுண்டுலயே நின்னுட்டாருங்களே” என்பார் மற்றவர். டீ ஆறிப்போகும், வழக்கு தீராது.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்து ரேஸை ஒரு ரசிகர் எப்படிப் பார்த்தார் என்று கணக்குப் போட்டால் சண்டை எங்கிருந்து முளைக்கிறது என்பது தெரிந்துவிடும். சோழவரம் ரேஸுக்கென்று கட்டிய தடம் கிடையாது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் சாலைப் பக்கம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்களுக்குப் போட்ட ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வைக்கோல் கட்டுகளையும் பீப்பாய்களையும் வைத்துத் தடம் குறித்து ரேஸ் நடத்தியது. கோவையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் சென்னையில் இறங்கி, பஸ் பிடித்துப் போன ரசிகர் ஏதோ ஒரு வளைவோரம் இடம் பிடித்து நிற்பார். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அவர் கண்ணெதிரே ஒரு வண்டி இருப்பது ஐந்து விநாடி. பத்துச் சுற்று ரேஸில் மொத்தம் ஐம்பது விநாடி. மீதியெல்லாம் தூரத்துப் புகையும் சத்தமும், ஒலிபெருக்கியில் பாதி காற்றோடு போன அறிவிப்பும்தான். பெரிய திரை இல்லை, நேரப் பட்டியலும் கைக்கு வராது. எதிர்முனையில் நின்றவர் வேறு ஐம்பது விநாடியைப் பார்த்திருப்பார். ஊருக்கு வந்து இருவரும் முழு ரேஸையும் சொல்ல ஆரம்பித்தால் அது இரண்டு ரேஸாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், வகுப்புகள். ஒரே நாளில் மொபெட், 100 சிசி, 350 சிசி, கார், ஒற்றை இருக்கை கார் என்று தனித்தனியாக ஓடும். விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அதே தளத்தில்தான், உள்ளூர்ப் பட்டறையில் செதுக்கிய பைக்குகள் ஓடியதும் அதே தளத்தில்தான். நாற்பது வருஷம் கழித்து நினைவில் மிஞ்சுவது “அவர் ஜெயித்தார்” என்பது மட்டும். எந்த வகுப்பில், எத்தனை வண்டிகளுக்கு நடுவே என்பது முதலில் உதிர்ந்துவிடும்.

ஆனால் இந்தப் பேச்சில் ஒரு பகுதி ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். அது வண்டியைப் பற்றியது. ஜெயித்தவர் பெயரில் தடுமாறுகிற ஆள், அந்த வண்டியின் பின்சக்கரச் செயின் பல்சக்கரத்தில் எத்தனை பல் போட்டார்கள் என்பதைச் சட்டென்று சொல்வார். பாதி ரசிகர்கள் பட்டறைக்காரர்களாக இருந்த ஊர் இது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்கள் பெருகி, மில்லுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகள் வந்து, பிறகு பம்ப் செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் என்று கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. பகலில் பம்ப்புக்குக் கடைந்த அதே கை, ராத்திரி ஒரு சிலிண்டர் ஹெட்டைக் கடைந்தது. அப்படிப்பட்ட ஊரில் ரேஸ் நாயகன் என்றால் ஓட்டினவர் ஒருத்தர் மட்டும் இல்லை, வண்டியைத் தயார் பண்ணினவரும் சேர்த்திதான்.

அதனால் பழைய நாயகர்களை எடைபோட வேண்டுமானால் வண்டியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ரெண்டு ஸ்ட்ரோக் பைக்கையே எடுத்துக்கொள்வோம். ஆர்எக்ஸ் 100 என்றால் 98 சிசி, கம்பெனிக் கணக்கில் 11 குதிரைத்திறன். ரேஸுக்குத் தயார்செய்யும்போது சிலிண்டரின் துளைகளை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவார்கள். ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் கொஞ்சம் கடைந்து அழுத்தத்தை ஏற்றுவார்கள். எக்ஸாஸ்ட் குழாயை வயிறு பெருத்தும் வால் சிறுத்தும் புதிதாக வளைப்பார்கள். எஞ்சின் மேல்சுற்றில் சீறும், கீழே இழுவை செத்துவிடும். எஞ்சின் சுற்று ஒரு அளவுக்குக் கீழே விழாமல் கிளட்சும் கியரும் போட்டுப் பிடித்துக்கொண்டே ஓட்டினால்தான் வண்டி போகும். “அவரு கியர் போடற சத்தமே தனிங்க” என்று சிலாகிப்பது வெறும் ரசனை என்று தோன்றலாம். அந்த வண்டியைப் பொறுத்தவரை ஜெயிக்கவைத்த திறமையே அதுதான்.

இனி, “ரெண்டாம் ரவுண்டுலயே நின்னுட்டாரு” என்பது. கோவை வண்டி சோழவரத்தில் நிற்க ஒரு தனிக் காரணம் உண்டு. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். சோழவரம் ஏறக்குறைய கடல்மட்டத்தில். கீழே காற்று நாலைந்து சதவீதம் அடர்த்தி அதிகம். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட்டின் துளை அளவு மாறாது, ஆனால் உள்ளே வரும் காற்றின் கனம் கூடிவிடும். கோவையில் சரியாக இருந்த கலவை சோழவரத்தில் பெட்ரோல் குறைந்த கலவையாகிவிடும். பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுதளத்தின் நீண்ட நேர்க்கோட்டில் முழுத் திராட்டிலில் பல விநாடி போகும்போது, அவிநாசி ரோட்டில் காட்டாத குறையை வண்டி அங்கே காட்டும். சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்கும். கை சும்மா இருந்தால் ஆள் கீழே. அதனால் நேர்க்கோட்டில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் நெம்பில் இருக்கும். பழைய படங்களில் அந்த இரண்டு விரலை உற்றுப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் எளிது, நேரம்தான் கிடைக்காது. பயிற்சிச் சுற்றில் முழுத் திராட்டிலில் போய், அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, மெதுவாக உருட்டாமல் அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் பீங்கான் டீ நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஓர் அளவு பெரிய ஜெட். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், ஓர் அளவு சிறியது. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டபடி திரும்பி வந்து பார்த்தால் எல்லாப் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். அதை நம்பி ஜெட்டைக் குறைத்தவர்கள்தான் ரெண்டாம் ரவுண்டில் நின்றவர்கள். காலையில் குளிரில் வைத்த அளவும் மதிய ரேஸுக்கு ஒத்துவராது, காற்று சூடேறி லேசாகிவிடும். ஆக, ஒருவர் பாதியில் நின்றதை வைத்து அவர் ஓட்டுதலைக் குறைவாக மதிப்பது நியாயம் இல்லை. அது பெரும்பாலும் ஒரு பித்தளைத் துண்டில் இருக்கிற மயிரிழைத் துளையின் கதை.

வாசனையையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கால ரேஸ் வண்டிகளில் பெட்ரோலோடு விளக்கெண்ணெய் சார்ந்த ஆயிலைக் கலந்தார்கள், லிட்டருக்கு 30 முதல் 50 மில்லி வரை. சூட்டில் மற்ற ஆயில் எரிந்து போகிற இடத்தில் இது ஒட்டிக்கொண்டு பிஸ்டனைக் காப்பாற்றும். ஆனால் கலந்து வைத்துவிட்டால் குளிரில் பிரிந்து அடியில் தங்கும், கேனை மறுபடி குலுக்காமல் ஊற்றினால் முதல் வண்டிக்கு வெறும் பெட்ரோலும் கடைசி வண்டிக்கு வெறும் எண்ணெயும் போகும். உள்ளே பிசின் மாதிரிப் படிவதால் ரேஸ் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துத் துடைக்கவும் வேண்டும். அந்த இனிப்பும் கருகலும் கலந்த புகை மூக்கில் ஏறினால் பழைய ஆட்களுக்கு எல்லாம் அப்படியே கண்முன் வந்துவிடும். நினைவுக்கு அது தருகிற உறுதி மட்டும் ஏமாற்றுவேலை, ஏனென்றால் அன்றைக்கு எல்லா வண்டியும் அதே வாசனைதான் அடித்தது.

வேகக் கணக்குக்கு வருவோம். “நூத்தி அறுபதுல போனாருங்க, நூறு சிசில!” என்பது வழக்கமான ஒன்று. இதைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். எஞ்சின் சுற்றை மொத்தக் கியர் விகிதத்தால் வகுத்து, பின்சக்கரச் சுற்றளவால் பெருக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று, மேல் கியரில் மொத்த விகிதம் 8 (எஞ்சின் எட்டு முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை), பின்சக்கரச் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வையுங்கள். சக்கரம் நிமிடத்துக்கு 1,125 முறை சுற்றும், 2,025 மீட்டர் போகும், மணிக்கு 121 கிலோமீட்டர் சொச்சம். பின்பல்சக்கரத்தை 36 பல்லிலிருந்து 34 ஆக்கினால் கணக்குப்படி 128க்கு மேல். ஆனால் கணக்கு சொல்கிற வேகத்தை எஞ்சின் இழுத்துக்கொண்டு போக வேண்டுமே. பல்லைக் குறைத்ததும் சுற்று 9,000க்கு ஏறாமல் 8,200இலேயே திணறினால் வேகம் முன்பைவிடக் குறையும். சோழவரம் மாதிரி நீண்ட நேர்க்கோட்டுக்கு ஒரு பல், வளைவு நிறைந்த தடத்துக்கு இன்னொன்று என்று பெட்டி நிறையப் பல்சக்கரம் கொண்டுபோனது இதற்குத்தான். நூற்று அறுபதுக்கு இதே வண்டி கிட்டத்தட்ட 12,000 சுற்று ஓட வேண்டும். சொல்கிறவரிடம் அந்த எண்ணைச் சொன்னால், பழைய மெக்கானிக்காக இருந்தால் அவரே சிரித்துவிடுவார்.

சுற்றுச் சராசரியையும் உச்ச வேகத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பழக்கம். கோவைக்குப் பக்கத்தில் பிற்காலத்தில் கட்டிய செட்டிபாளையம் ரேஸ் தடம் 2.1 கிலோமீட்டர். ஒரு சுற்று 70 விநாடி என்றால் சராசரி மணிக்கு 108தான் வரும், நேர்க்கோட்டில் எவ்வளவு போயிருந்தாலும். பழைய ஓடுதளத்தில் சராசரி ஏறிக் காட்டும், நேர்க்கோடு நீளம் என்பதால். இரண்டையும் பக்கத்தில் வைத்து “அந்தக் காலத்துல இதைவிட வேகமுங்க” என்றால் அது தடத்தின் பெருமை, ஓட்டுநரின் பெருமை அல்ல. ஓட்டுநரின் பெருமை வேறு இடத்தில் இருந்தது. டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு, நேர்க்கோட்டின் கடைசியில், கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் வண்டி தடதடவென்று துள்ளும்போது, யார் கடைசியாகப் பிரேக் பிடிப்பது என்பதில். டிரம் நாலைந்து தடவை கடுமையாகப் பிடித்ததும் சூடேறிப் பிடிமானம் குறையும். முதல் சுற்றில் பிடித்த இடத்திலேயே எட்டாம் சுற்றிலும் பிடித்தவர்கள் வைக்கோல் கட்டுக்குள் போனார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று மீட்டர் முன்கூட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், முதல் பாதியில் யார் கண்ணிலும் படாமல், கடைசியில் ஜெயித்தார்கள். ரசிகர் நினைவில் மிஞ்சியவர் பெரும்பாலும் முதல் வகை.

இந்த எல்லாக் குழப்பத்துக்கும் நடுவே கோவை ரசிகர் யாரும் தகராறு செய்யாத பெயர் ஒன்று உண்டு. கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர், தானே ரேஸ் ஓட்டியவர், வண்டி வடிவமைத்தவர். ரசிகர்களுக்கு வெறும் ‘கரி’. அவர் ஓட்டி வென்ற ரேஸ்களைவிட, 1980களின் கடைசியில் அவர் கொண்டுவந்த பார்முலா மாருதிதான், அதாவது மாருதி 800 எஞ்சின் வைத்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்தான், பெரிய காரியம் என்பது என் கணிப்பு. காரணம், அதுவரை யார் நல்ல ஓட்டுநர் என்பதைச் சொல்ல முடியாமல் இருந்தது. காசு உள்ளவர் நல்ல வண்டி வைத்திருந்தார், நல்ல வண்டி ஜெயித்தது. எல்லோருக்கும் ஒரே வண்டி, அதுவும் உள்ளூரில் உதிரி கிடைக்கிற வண்டி என்றால்தான் ஆளை ஆளோடு ஒப்பிட முடியும்.

அதற்கு மாருதி 800 எஞ்சின் ஏன் வாகாக அமைந்தது என்பதை விளக்குவது அவசியம். 796 சிசி, மூன்று சிலிண்டர், திறன் நாற்பது குதிரைக்குள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்தக் காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கிற டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன்னால் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. அம்பாசடரிலோ பியட்டிலோ எஞ்சின் முன்னால், டிஃபரென்ஷியல் பின்னால், நடுவே நீளத் தண்டு. ஒற்றை இருக்கை காரில் ஓட்டுநரைத் தரையை ஒட்டிப் படுக்கவைக்க வேண்டும், அந்தத் தண்டுக்கு இடமே கிடையாது. மாருதி மூட்டையை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் பின்சக்கரம் ஓட்டும் ரேஸ் கார் தயார். திசையைத் திருப்பாமல் வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் நாலு கியரும் பின்னோக்கிப் போகும், ரிவர்ஸ் ஒன்றுதான் முன்னால் போகும்.

இந்த வகைக் கட்டுமானத்தில் தகராறு செய்கிற இடங்கள் மூன்று. முதலாவது கியர் இணைப்பு. கையிலிருந்து கியர்பாக்ஸ் வரை தூரம் கூடிவிடுவதால் ஒவ்வொரு மூட்டிலும் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் முனையில் சேர்ந்து கியரே தப்பிப்போகும். மூன்றாவது கியருக்குப் போட்டது முதல் கியரில் விழுந்து எஞ்சின் தாறுமாறாகச் சுற்றும். இரண்டாவது தண்ணீர்க் குழாய். ரேடியேட்டர் தள்ளிப் போவதால் குழாய் நீளும், எங்காவது மேடாக வளைந்தால் அங்கே காற்றுக் குமிழி நின்று தண்ணீர் சுற்றாது, மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் வளைந்துவிடும். குழாயின் உச்சியில் ஒரு திருகு வைத்துக் காற்றைக் கழிப்பதுதான் வழி. மூன்றாவது கொஞ்சம் பொல்லாதது. மூட்டை முன்னால் இருந்தபோது அது ஓட்டிய சக்கரங்கள் ஸ்டியரிங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தவை. பின்னால் போனதும் அவற்றைத் திரும்பாமல் தண்டு போட்டுக் கட்ட வேண்டும். அந்தத் தண்டின் ரப்பர் புஷ் தேய்ந்தால் வளைவின் நடுவே பின்சக்கரம் தானாக ஒரு இழை திரும்பும், வண்டி வாலை வீசும். ஓட்டினவர் தவறு என்றுதான் வெளியே நிற்கிறவர் நினைப்பார்.

திறன் குறைவு என்பதில் ஒரு லாபமும் இருந்தது. நாற்பது குதிரை வண்டியில் வளைவில் வேகத்தை விட்டால் நேர்க்கோட்டில் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே வேகத்தை விடாமல் வளைவது, முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போய் கடைசியில் வெளியே எடுப்பது, இரண்டும் அதில் ஓடிய பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிட்டது. பிற்காலத்தில் பார்முலா ஒன் வரை போன கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ் பார்முலா மாருதியில்தான், சென்னைக்கு மேற்கே ரேஸுக்கென்றே கட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், அதிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். 2003இல் செட்டிபாளையத்தில் திறந்த தடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. ரோலான் செயின் செய்கிற கோவை எல்ஜிபி பெயரில் பார்முலா கார்கள் பிறகு ஓடியதும் அதே வழிதான்: சாலைக் காரின் எஞ்சின், உள்ளூரில் கட்டிய அடிச்சட்டம், எல்லோருக்கும் ஒரே வண்டி.

ராலி நாயகர்கள் விஷயத்தில் ஊர் கொஞ்சம் நன்றி மறந்த ஊர். நரேனின் அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் சவுத் இந்தியா ராலியை ஏழு முறை வென்றவர். லீலாகிருஷ்ணன் தேசியப் பட்டங்களைக் குவித்தவர். அவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு, ஏனென்றால் பார்த்தவர் குறைவு. ராலியில் வண்டிகள் சேர்ந்து ஓடாது, நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போகும், கடிகாரம்தான் எதிரி. காட்டுப்பாதை, ராத்திரி, புழுதி. நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது இரண்டு விளக்கு மட்டும். போதாக்குறைக்கு ராலியில் நரேன் குமார் என்று இன்னொரு கோவைச் சாம்பியன் உண்டு. பேச்சில் பாதி நேரம் இவர் வென்றது அவர் கணக்கிலும் அவர் வென்றது இவர் கணக்கிலும் ஏறிக்கொண்டிருக்கும்.

நரேன் கார்த்திகேயனைப் பற்றிய பேச்சில் எப்போதும் வருவது, “அது ஆறு கார் ரேஸுதானுங்க” என்ற ஏளனம். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பார்முலா ஒன் ரேஸ் அது. அந்த வருஷ விதிப்படி தகுதிச்சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. சாய்வாகக் கட்டிய 13ஆம் வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்களின் பக்கச்சுவர் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். மிஷலின் போட்ட 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் 73 சுற்று ஓடின. இரண்டு பெராரி, அடுத்து ஜோர்டான் அணியின் மாண்டெய்ரோ, நான்காவதாக அதே அணியின் நரேன், ஐந்து புள்ளி. புள்ளிக்குக் காரணம் டயர் என்பது உண்மை, அணித்தோழர் முன்னால் வந்தார் என்பதும் உண்மை. அவர் திறமையைப் பார்க்க வேண்டியது அங்கே இல்லை. அதே வருஷம் மார்ச்சில், மெல்போர்னில், தன் முதல் கிராண்ட் பிரியில், பின்வரிசைக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு 12ஆவதாகத் தகுதி பெற்றார். மழை கை கொடுத்தது என்றாலும், அந்தத் தகுதிச்சுற்றில் மைக்கேல் ஷூமாக்கர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். ஏளனம் செய்கிறவரிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பப்ஸைக் கவனிப்பார்.

தேதியை வைத்துப் பார்த்தாலே சில கதைகள் உதிர்ந்துவிடும். சோழவரத்திலிருந்து ரேஸ் மாறிப் போன இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது 1990இல். நரேன் பிறந்தது 1977இல். நரேன் சோழவரத்தில் கார் ரேஸ் வென்றதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது வேறு யாரையோ. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985இல், மாருதி 800 1983 டிசம்பரில். அதற்கு முந்தைய ரேஸ் கதையில் இவை ஓடக் கூடாது. பழைய படம் கையில் கிடைத்தால் முகத்தைப் பார்க்கும் முன் பின்னணியைப் பார்க்க வேண்டும். வைக்கோல் கட்டும், பலகை பலகையாகக் கோடு விழுந்த கான்கிரீட்டும் இருந்தால் ஓடுதளம். தார்த் தடமும் கட்டிய விளிம்பும் இருந்தால் பிற்காலம்.

பெரியவர்களிடம் இதையெல்லாம் கேட்டுக் குறித்துவைக்கிறவர்கள் ஒரு தப்புச் செய்கிறார்கள். “யார் ஜெயிச்சாங்க?” என்று ஆரம்பிக்கிறார்கள். பதில் வரும், அடுத்த வாரம் கேட்டால் வேறு பதில் வரும். வண்டியைக் கேட்டால் அப்படி மாறாது. எந்த ஜெட், எத்தனை பல், ஹெட்டை எவ்வளவு கடைந்தீர்கள், எதனால் நின்றது என்று கேட்டுக்கொண்டே போனால், எந்த வருஷம், எந்த வகுப்பு, யாருடைய வண்டி என்பதெல்லாம் பின்னாலேயே ஒழுங்காக வந்து சேரும்.

“முன்னால எத்தனை பல்லுங்கய்யா?”

“பதினாலு. பதினஞ்சு போடுன்னேன், கேக்கல. அதனாலதான் தோத்தான்.”